மில்லிமீட்டர் அலைகளின் முன்னோடி ஜகதீச சந்திர போஸ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தொட்டாற்சிணுங்கியைப் பற்றிக் கேட்டால் ஆறாம் வகுப்புச் சிறுவன்கூட ஜகதீச சந்திர போசின் பெயரைச் சொல்லிவிடுவான். கம்பியில்லாத் தந்தியைப் பற்றிக் கேட்டால் மார்கோனி என்பான். நம் பாடநூல்கள் இவ்விருவரையும் இப்படித் தனித்தனி அறைகளில் உட்கார வைத்துவிட்டன. செடிகொடிகளின் உணர்வை உலகுக்குக் காட்டிய அப்பெருமகனார், அதற்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் மின்காந்த அலைகளோடு மல்லாடியவர். பயன் அற்றவை என்று பிறர் ஒதுக்கிய மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கி, வளைத்து, வடிகட்டி, அளந்து காட்டியவர். இந்தப் பாதி வாழ்க்கை, பட்டப்படிப்புக்கு வந்த பிறகே நம்மில் பலருக்குத் தெரிய வருகிறது. இயற்பியல் மாணவர் என்ற முறையில் அதையே ஈண்டு விரித்துரைக்க விழைகிறேன். பழைய தமிழ் ஏடுகளில் இவர் பெயர் வசு என்று காணப்படும். வசுவும் போசும் ஒருவரே.

இளமையும் கல்வியும்

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்றைய வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு மிக்கவர். அக்காலத்தில் உத்தியோகத்தில் இருப்போர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே மதிப்பு என்று கருதினர். பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழியாம் வங்காளத்தில் கற்பிக்கும் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார். வகுப்பில் ஒருபுறம் தந்தையிடம் சேவகராயிருந்த இசுலாமியரின் மகன், மறுபுறம் ஒரு மீனவரின் மகன். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்கு ஊட்டின என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவரைப் பள்ளிக்குத் தோளில் தூக்கிச் சென்றவர் யார் தெரியுமா? ஒரு முன்னாள் கொள்ளைக்காரர்! பகவான் சந்திரரே தண்டனை விதித்துச் சிறைக்கு அனுப்பிய மனிதர் அவர். விடுதலையான பின் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று வந்து நின்றவரைத் தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார் அந்த நீதிபதி. இத்தகைய தந்தை, ஊருக்குத் தொழில் வளர வேண்டும் என்று பல முயற்சிகளில் பணம் போட்டு, பெருங்கடனில் மூழ்கினார் என்பதில் வியப்பில்லை. அந்தக் கடனை நினைவில் கொள்க; அது பின்னால் வரும்.

1869-இல் கல்கத்தா சென்று ஹேர் பள்ளியிலும், பின்னர் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லபான் என்னும் பாதிரியார் இயற்பியலைச் சோதனைகளோடு நடத்துவார். சோதனைக் கருவியைக் கையால் தொட்டுப் பழகும் ஆசை போசுக்கு அவரிடமிருந்தே ஒட்டிக்கொண்டது. 1879-இல் பட்டம் பெற்றதும், இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வு எழுத விரும்பினார். தந்தை உடன்படவில்லை. பிறரை ஆளும் உத்தியோகம் வேண்டாம், அறிஞனாக வா என்பது அவர் எண்ணம். கடல் கடந்து போவதற்கு முதலில் மறுத்த தாய், பின்னர் மனமிரங்கித் தம் நகைகளைத் தரவும் முன்வந்தார்.

1880-இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். முன்பே பிடித்திருந்த காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிணம் அறுக்கும் கூடத்தின் நெடி அதை மேலும் முற்றச் செய்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் அறிவியல் பயிலச் சேர்ந்தார். அக்காள் கணவரும் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ராங்க்லர் பட்டம் பெற்ற முதல் இந்தியருமான ஆனந்த மோகன் போஸ் இதற்குத் துணைநின்றார். அங்கே ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஒலி, ஒளி ஆகிய இரண்டிலும் நாம் பாடத்தில் படிக்கும் அதே ராலேதான். 1884-இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமும் பெற்று நாடு திரும்பினார்.

சம்பளம் வாங்காத மூன்று ஆண்டுகள்

இங்கிலாந்தின் அஞ்சல்துறைத் தலைவராயிருந்த ஹென்றி பாசெட், வைசிராய் ரிப்பன் பிரபுவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்திருந்தார். அதன் துணையால் 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் போஸ் நியமனம் பெற்றார். கல்வித்துறை இயக்குநருக்கும் கல்லூரி முதல்வருக்கும் இது பிடிக்கவில்லை. இந்தியருக்குத் தத்துவம் வரும், துல்லியமான அறிவியல் வராது என்பது அன்றைய ஆங்கில அதிகாரிகளிடையே நிலவிய எண்ணம்.

ஐரோப்பியப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம். அதே வேலை செய்யும் இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போசின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, அவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. போஸ் மனு எழுதிக்கொண்டு அலையவில்லை. வேலையை விட்டும் போகவில்லை. நாள் தவறாமல் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். மாதந்தோறும் வந்த காசோலையைத் தொடாமல் திருப்பினார். ஒரு மாதமன்று, ஓர் ஆண்டன்று, மூன்று ஆண்டுகள்!

வீட்டிலோ தந்தையின் கடன். 1887-இல் திருமணமும் ஆயிற்று. வசதியுள்ளவர் சம்பளம் வேண்டாம் என்பது வேறு. கடன்காரர் வாசலில் நிற்கும்போது வேண்டாம் என்பது வேறு. மூன்றாம் ஆண்டின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. நியமனம் நிரந்தரமாக்கப்பட்டு, முழுச் சம்பளமும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டு மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. அந்தத் தொகை தந்தையின் கடனுக்குப் போயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நம் போன்றோர், முதல் மாதச் சம்பளம் எப்போது வரும் என்று வீடே காத்திருப்பதை அறிவோம். ஆகையால் போசின் கண்டுபிடிப்புகள் அனைத்திலும் இந்த மூன்று ஆண்டுகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. இதில் பேராசிரியர்கள் என்னோடு வேறுபடக்கூடும்.

அவர் மணந்த அபலா தாஸ் அம்மையாருக்கும் நம் மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மருத்துவம் பயில வேண்டும் என்ற வேட்கையோடு, வங்க அரசின் உதவித்தொகை பெற்று, 1882-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் கல்கத்தாவில் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை, சென்னையில் திறந்திருந்தது. உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். கணவரின் ஆராய்ச்சிக்கு அரணாய் நின்றதோடு, 1919-இல் நாரி சிக்ஷா சமிதி என்னும் அமைப்பை நிறுவிப் பெண்கல்விக்கும் கைம்பெண்களின் வாழ்வுக்கும் பாடுபட்டார்.

ரயில்வே கால அட்டவணையும் சணல் கயிறும்

மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்று மாக்ஸ்வெல் கணக்கில் கண்டார். அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ். 1894-இன் முதல் நாளிலேயே, முப்பத்தாறு வயதில் ஹெர்ட்ஸ் காலமானார். அவர் பணியை விளக்கி ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய சொற்பொழிவு நூலாக வந்து போசின் கைக்கு எட்டியது. அதே ஆண்டு நவம்பர் 30, தம் முப்பத்தாறாம் பிறந்த நாளில், இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று போஸ் உறுதி பூண்டதாகச் சொல்வர்.

உறுதி இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியில் குளியலறையை ஒட்டிக் கிடந்த சிற்றறை ஒன்றே கிடைத்தது. உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். வகுப்புகள் முடிந்த பிறகே வேலை. செலவும் சொந்தக் கைப்பணம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒளியும் மின்காந்த அலையும் ஓரினமே என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், ஒளி செய்வதையெல்லாம் இந்த அலையும் செய்ய வேண்டும்: கண்ணாடியில் பிரதிபலிக்க வேண்டும், பட்டகத்தில் விலக வேண்டும், தளவிளைவு அடைய வேண்டும். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை விலகச் செய்ய அவர் அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையில் கீல் வார்த்துப் பட்டகம் செய்ய வேண்டியிருந்தது. குளியலறைப் பக்கத்து அறையில் அதற்கு இடம் ஏது? அலையைச் சுருக்கினால் கருவியும் சுருங்கும் என்பது போசின் வழி. சிறு உலோகக் குண்டின் இருபுறமும் தீப்பொறி பாயச் செய்து, 5 மில்லிமீட்டர் அளவு வரை நீளம் குறைந்த அலைகளை உண்டாக்கினார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். முழுக் கருவியும் ஒரு மேசைமேல் அடங்கியது.

அந்த மேசையில் இருந்தவற்றைப் பார்த்தால் இன்றைய நுண்ணலைப் பாடநூலின் பொருளடக்கம்போல் இருக்கும். அலையைச் செலுத்தும் உலோகக் குழல், அதன் வாயில் கொம்பு வடிவ அலைவாங்கி, குவிக்கும் வில்லை, இரு பட்டகங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அலையின் வலிமையை மட்டுப்படுத்தும் அமைப்பு. தளவிளைவுக்கு அவர் எடுத்த பொருள்களோ வேடிக்கையானவை. வங்கத்தில் மலிவாகக் கிடைக்கும் சணலை முறுக்கிக் கற்றையாக வைத்தார். இடப்புறம் முறுக்கியது அலையின் தளத்தை ஒருபக்கமும், வலப்புறம் முறுக்கியது மறுபக்கமும் திருப்பின. சர்க்கரைக் கரைசலில் ஒளியின் தளம் திரும்புவதை நம் ஆய்வகத்தில் அளக்கிறோமே, அதே விளைவுக்குச் சணலால் ஒரு மாதிரி. இன்னொன்று பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடுகளைச் செருகியதும் அது முதல் தரமான தளவிளைவியாக வேலை செய்தது. புகைவண்டி நிலையத்தை நம்பியே பிழைக்கும் கொடைரோட்டுக்காரர்களுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மன்றத்தில் பொதுமக்கள் முன் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். அலைகள் சுவர்களை ஊடுருவி, நடுவே நின்ற துணைநிலை ஆளுநரின் உடலையும் கடந்து, ஏறத்தாழ 75 அடிக்கு அப்பால் மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தையும் பற்றவைத்தன. அவர் ஆய்வுக் கட்டுரையை ராலே பிரபு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிவைத்தார். 1896-இல் இலண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் அளித்தது. 1897 ஜனவரி 29-ஆம் நாள் ராயல் இன்ஸ்டிடியூஷனில், பாரடே நின்று பேசிய மேடையில், நம் நாட்டுப் பேராசிரியர் தம் சிறு பெட்டிக் கருவியோடு நின்றார்.

தட்டினால்தான் விழிக்கும் கருவி

வந்த அலையை உணரும் கருவிதான் அக்காலத்தின் பெரும் முட்டுக்கட்டை. கோஹரர் எனப்படும் அக்கருவி, உலோகத் தூள் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். அலை வந்ததும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் பாயும், தந்திக் கருவி ஒரு புள்ளியைப் பதியும். சரி, அடுத்த புள்ளி? ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. ஒரு சிறு சுத்தி குழாயைத் தட்டி உதறிய பின்னரே அது மறுபடி வேலைக்கு ஆயத்தமாகும். அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. வாங்குகிற கருவியோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டு கேட்கிறது. ஆகவே நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சொற்கள் போவதே பெரிதாயிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ச் சுங்கச்சாவடியே போதும். நான்கு வழிச் சாலையில் நிலக்கோட்டைப் பூ ஏற்றிய வண்டிகள் எவ்வளவு விரைந்து வந்தாலும், ஒவ்வொன்றும் நின்று, சில்லறை கொடுத்து, சீட்டு வாங்கிப் போக வேண்டியிருந்த நாளில் வரிசை நீளத்தான் செய்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி கடக்கும் என்பதைச் சாலையின் அகலமோ வண்டியின் வேகமோ முடிவு செய்யவில்லை. சாவடியில் நிற்கும் நேரமே முடிவு செய்தது. செய்தித் தொடர்பிலும் இவை இரண்டு தனித்தனிக் கணக்குகள்: நொடிக்கு எவ்வளவு செய்தி போகிறது என்பது ஒன்று, ஒரு செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பது மற்றொன்று. இரண்டையுமே கெடுத்தது அந்தச் சுத்தி.

போஸ் முதலில் தூளை எடுத்துவிட்டு, ஒரு சிறு பள்ளத்தில் எஃகுச் சுருள்வில் துண்டுகளை வரிசையாக அடுக்கி, அழுத்தத்தைத் திருகால் சரிசெய்துகொள்ளும்படி அமைத்தார். பிறகு உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வாறு ஒட்டுகிறது, எது தானே மீள்கிறது என்று சோதித்தார். 1899 ஏப்ரல் மாதம் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட அவர் கட்டுரை, தானே மீளும் கோஹரரைப் பற்றியது. பாதரசம், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதைத் தொடும் இரும்பு. அலை வந்தால் மின்னோட்டம் பாயும். அலை நின்றால் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். தட்ட வேண்டியதில்லை. காதில் வைத்த தொலைபேசிக் குழலில் ஒலியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

மார்கோனியும் போசும்

1901 டிசம்பர் 12-ஆம் நாள், அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளை நியூபவுண்ட்லாந்துக் குன்றில் மார்கோனி கேட்டார். அன்று அவர் காதுக்குழலோடு இணைத்திருந்தது, இத்தாலியக் கடற்படையிலிருந்து பெற்ற பாதரசக் கோஹரர். அந்த அமைப்பின் மூலம் போசின் 1899-ஆம் ஆண்டுக் கட்டுரையே என்று 1998-இல் புரோபீர் பந்தோபாத்யாய என்னும் பொறியியலாளர் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார். அமெரிக்க மின்பொறியாளர் கழக இதழில் அது வெளிவந்தது.

இதை வைத்துக்கொண்டு, வானொலியைக் கண்டவர் போஸ், திருடியவர் மார்கோனி என்று மேடையில் முழங்குவோர் உண்டு. கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மார்கோனி வேண்டியது தூரம். கப்பலுக்கும் கரைக்கும் செய்தி போக வேண்டும். அதற்கு நீண்ட அலை வேண்டும், உயர்ந்த கம்பம் வேண்டும், முதலீடு வேண்டும். போஸ் வேண்டியது அலையின் இயல்பு. அவருடைய மில்லிமீட்டர் அலைகள் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கவே முடியாது. ஒருவர் சாலை போட்டார். மற்றவர் மண்ணை ஆராய்ந்தார். ஆனால் ஒருவர் ஆராய்ச்சியை மற்றவர் பயன்படுத்தும்போது பெயரைச் சொல்லும் கடமை உண்டு. அது நடக்கவில்லை என்ற குறை நியாயமானதே. 1909-இல் மார்கோனியும் பிரவுனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

போசுக்கும் வாய்ப்பு வராமலில்லை. 1901-இல் இலண்டனில் சொற்பொழிவுக்குச் சற்று முன், தந்திக் குழுமம் ஒன்றின் அதிபர் அவரைத் தேடி வந்தார். கருவியின் நுட்பத்தை மேடையில் வெளியிட வேண்டாம், காப்புரிமை வாங்கி இலாபத்தைப் பங்கிடுவோம் என்றார். போஸ் மறுத்துவிட்டார். அந்தப் பண ஆசையின் சுழலில் ஒருமுறை சிக்கினால் மீள வழியில்லை என்ற பொருள்பட நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் சகோதரி நிவேதிதையும், சாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரும் விடாது வற்புறுத்தியதால், ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இசைந்தார். கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தின் மேல் உலோக முனை தொடும் உணர்கருவி அது. 1904 மார்ச் 29-இல் 755,840 என்ற எண்ணோடு அக்காப்புரிமை வழங்கப்பட்டது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை இதுவே என்பர். டிரான்சிஸ்டரை உருவாக்கிய மூவரில் ஒருவரான பிராட்டன், வானலைகளைக் கண்டறியக் குறைக்கடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்திய பெருமையைப் போசுக்கே அளித்தார். போசோ அந்த உரிமையால் ஒரு காசும் பெற முயலாமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

இது தியாகம் என்று போற்றப்படுகிறது. போற்றலாம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அவருடைய சிற்றறையைச் சுற்றி ஒரு தொழிற்சாலை எழவில்லை. மில்லிமீட்டர் அலையை அடுத்து எடுத்து நடத்த ஒரு பரம்பரையும் உருவாகவில்லை. 1900-ஐ ஒட்டி அவர் தாவரங்களிடம் சென்றதும் அந்த மேசை தனித்து நின்றது. இந்தியாவில் வானொலி ஆராய்ச்சி மீண்டும் தழைக்க, அவர் மாணவர் சிசிர் குமார் மித்ரா 1920-களில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காப்புரிமை வாங்கியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் துணிந்து சொல்லவில்லை. அரசாட்சி வேறொருவர் கையில் இருந்த காலம் அது.

மறந்த அலைகள் மீண்ட கதை

கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். மலையுச்சியில் நின்று பாடினால் பல மாவட்டங்களுக்குக் கேட்கும். 5 மில்லிமீட்டர் அலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தடித்த சுவர் தடுக்கும், மரக்கிளை தடுக்கும், மழை சோர்வடையச் செய்யும். 60 கிகாஹெர்ட்சை அண்டிய அலைகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கிவிடும். ஆகவே அரை நூற்றாண்டுக்கு மேல் செய்தித் தொடர்புக்கு இது உதவாது என்றே விட்டுவைத்தனர்.

பிறகு ஏன் திரும்பி வந்தார்கள்? இட நெருக்கடி. மாலையில் கொடைரோடு நிலையத்தில் விரைவு வண்டி வந்து நின்றதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் திறக்கிறார்கள். ஒரே கோபுரத்தின் அலைப்பட்டையை அத்தனை பேரும் பங்கிட வேண்டும். படம் வராமல் வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கிறது. ஓர் அலைவழியில் நொடிக்கு அதிக அளவாக எவ்வளவு செய்தி செல்லும் என்பது அலைப்பட்டையின் அகலத்தையும், இரைச்சலை விடக் குறியலை எத்தனை மடங்கு வலிது என்பதையும் பொறுத்தது என 1948-இல் கிளாட் ஷானன் நிறுவினார். நீண்ட அலைகளின் பகுதியில் அகலமான பட்டைக்கு இடமில்லை. மில்லிமீட்டர்ப் பகுதியிலோ வெட்டவெளியாகக் கிடக்கிறது. நான்காம் தலைமுறையில் ஓர் அலைவழி அதிக அளவாக 20 மெகாஹெர்ட்ஸ் அகலம்; ஐந்தாம் தலைமுறையின் மில்லிமீட்டர்ப் பகுதியில் 400 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளலாம். பட்டை அகலமானால் ஒவ்வொரு குறியீட்டையும் குறுகிய நேரத்தில் அனுப்பிவிடலாம். நான்காம் தலைமுறையில் செய்தித் துண்டுக்கு ஒதுக்கிய நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி. இங்கே அது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. தன் முறைக்காகச் செய்தி காத்திருக்கும் தாமதமும் அவ்வாறே குறைகிறது.

சிறு தூரம் மட்டுமே செல்லும் என்ற குறைகூட இங்கே குணமாகிவிட்டது. நிலையத்தில் ஒன்றும் கடைத்தெருவில் ஒன்றுமாகச் சிறு நிலையங்களை வைத்தால், ஒரே அலையை இரண்டும் இடையூறின்றிப் பயன்படுத்தலாம். அலைநீளம் குறைவாகையால் அலைவாங்கிகளும் சிறியவை. பலவற்றைக் கைப்பேசி அளவுப் பலகையிலேயே அடுக்கி, கதிரை வேண்டிய பக்கம் திருப்பலாம். அலையைச் சுருக்கினால் கருவி சுருங்கும் என்று அந்தச் சிற்றறையில் கண்ட அதே கணக்குதான். 2012-இல் 60 கிகாஹெர்ட்சில் இயங்கும் வைபை முறைக்குத் தரவிதி வகுக்கப்பட்டது. 2022-இல் இந்திய அரசு ஐந்தாம் தலைமுறைக்காக நடத்திய ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் இருந்தது. அதன் அலைநீளம் சற்றேறக்குறைய 11.5 மில்லிமீட்டர். போசின் மேசையில் புழங்கிய அளவுதான்!

பிற்காலம்

தானே மீளும் கோஹரர் நெடுநேரம் வேலை செய்தால் களைப்படைவதுபோல் உணர்வு மங்குவதையும், ஓய்வு கொடுத்தால் தெளிவதையும் போஸ் கவனித்தார். உலோகமும் களைக்குமா? உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் எல்லை எங்கே? இக்கேள்வியே அவரைத் தாவரங்களிடம் இட்டுச் சென்றது. 1902-இல் இதைப் பற்றிய நூலை வெளியிட்டார். இலண்டனில் உடலியல் அறிஞர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். ராயல் சொசைட்டி அவர் கட்டுரை ஒன்றை வெளியிடாமல் நிறுத்தியது. வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவி பின்னர் வந்தது. தொட்டாற்சிணுங்கியில் தூண்டலுக்கும் இலை மடிவதற்கும் இடையிலான தாமதத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பதியும் கருவியையும் செய்தார். அலையிலிருந்து செடிக்கு வந்தும் அவர் கை தாமதத்தை அளப்பதை விடவில்லை. தாவரங்களைப் பற்றி அவர் எட்டிய முடிவுகளில் சில இன்று ஏற்கப்படுகின்றன. சில விவாதத்திலேயே உள்ளன.

1915-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். சத்தியேந்திரநாத் போசும் மேகநாத சாகாவும் அங்கே அவரிடம் பயின்றவர்கள். 1917 நவம்பர் 30, மீண்டும் ஒரு பிறந்த நாளில், தம் சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். அங்கே காணும் உண்மைகள் எவருடைய தனியுடைமையும் ஆகா, காப்புரிமை வாங்கப்பட மாட்டா என்பது நிலையத்தின் விதியாயிற்று. அவ்வாண்டே சர் பட்டம் வந்தது. 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

1937 நவம்பர் 23-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஏழு நாள்கள் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் போஸ் காலமானார். அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்தார். 2012 செப்டம்பரில், உலக மின்பொறியாளர் கழகம் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை நினைவுகூர்ந்து, அவர் பணியாற்றிய கல்லூரியில் ஒரு கல்வெட்டுப் பலகை நிறுவியது. தகரக் கொல்லர் துணையோடு செய்த கொம்பும் குழலும் உள்ளிட்ட அவர் கருவிகள் கொல்கத்தா போஸ் நிலைய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.